அழிய மறுக்கும் நினைவட்டை

சித்தியவானில் படிவம் நான்கு பயிலும் மாணவி ஒருத்தி, வரலாற்று இடுபணிக்காகக் கைப்பேசியுடன் தன் பாட்டியின் முன் அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, வெயில் ஏறுவதற்குள் பால்மரம் சீவி முடித்தது, பால்வாளிகளைக் காண்டாவில் சுமந்தது, பின்னாளில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டது எனப் பாட்டி இரண்டு மணி நேரம் பேசுகிறார். அந்தப் பேச்சு முழுவதும் கைப்பேசியிலுள்ள நினைவட்டையில் பதிவாகிறது. மறுநாள் அவள் அட்டையை மடிக்கணினியில் செருகுகிறாள். பயன்படுத்துவதற்கு முன் அட்டையை 'ஃபார்மட்' செய்ய வேண்டும் என்கிறது திரை. அவளும் யோசிக்காமல் சம்மதிக்கிறாள். சற்று நேரத்தில், ஃபார்மட் செய்ய இயலவில்லை என்ற பதில் வருகிறது.

அவளுக்குப் பதற்றம் வருவது இயல்புதான். ஆனால், அந்த மறுப்புதான் பாட்டியின் குரலைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

ஃபார்மட் செய்தல் என்பது நினைவட்டையைப் புதிதாக ஒழுங்குபடுத்துவதாகும். ஒவ்வோர் அட்டையிலும் எந்தக் கோப்பு எந்த இடத்தில் உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை உண்டு. அதை நூலகத்தின் பட்டியலுக்கு ஒப்பிடலாம். விரைவு ஃபார்மட் பட்டியலை மட்டுமே கிழித்துப் போட்டுப் புதிய வெற்றுப் பட்டியலை வைக்கிறது. அடுக்கிலுள்ள நூல்கள் அப்படியே இருக்கும். முழு ஃபார்மட் அப்படியன்று. இன்றைய விண்டோஸ் கணினிகளில் அது அட்டை முழுவதையும் சுழியங்களால் நிரப்பிவிடுகிறது. அதன்பின் மீட்பதற்கு எதுவும் எஞ்சாது.

ஆகவே, திரை மீண்டும் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். முதலில் அட்டையை எடுத்து, அது எந்தக் கைப்பேசியில் இருந்ததோ அதே கைப்பேசியில் செருகிப் பாருங்கள். இதற்குக் காரணம் உண்டு. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், நினைவட்டையைக் கைப்பேசியின் உள் சேமிப்பகமாக மாற்றும் வசதி பல கைப்பேசிகளில் இருந்துவருகிறது. அவ்வாறு மாற்றிய அட்டையில் உள்ளவை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அந்தக் கைப்பேசியிடம் மட்டுமே இருக்கும். கணினிக்கு அட்டை வெறும் குழப்பமாகத் தெரியும். அட்டையில் எந்தக் கோளாறும் இருக்காது.

கைப்பேசியிலும் அட்டை திறக்கவில்லை என்றால், வேறோர் அட்டை வாசிப்பானில் முயலலாம். தொடுமுனைகளில் படிந்த வியர்வைக் கறையை உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே சில அட்டைகள் உயிர்பெறும். பழைய வாசிப்பான்களில் இன்னொரு தொல்லை உண்டு. 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டைகளுக்கான தரம் 2009-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட கருவிகள் பல, இன்றைய 64 ஜிகாபைட் அட்டையை அடையாளம் காண்பதில்லை.

அட்டையைக் கணினி உணர்ந்தும் கோப்புகள் தெரியாவிட்டால், மீட்பு மென்பொருளை நாடலாம். 'ஃபோட்டோரெக்' என்பது இலவசமாகக் கிடைப்பது. பெயரைப் பார்த்து அது படங்களை மட்டும் மீட்கும் என எண்ண வேண்டா. ஒலிப்பதிவுகளையும் ஆவணங்களையும்கூட அது தேடி எடுக்கும். மீட்ட கோப்புகளை அதே அட்டையில் சேமிக்கக்கூடாது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

கோப்புகள் பத்திரமான பிறகு, அட்டை ஏன் மறுத்தது என்று நிதானமாக ஆராயலாம். பெரிய எஸ்டி அட்டையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு நகர்த்தி இருக்கிறது. அது கீழே தள்ளப்பட்டிருந்தால், வாசிப்பான் அட்டையில் எதையும் எழுதாது. பழைய ஒலிநாடாவின் விளிம்பிலுள்ள சிறு தட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பாட்டைப் பதிய முடியாதல்லவா? அதே ஏற்பாடுதான் இது. கைப்பேசியின் மைக்ரோ எஸ்டி அட்டையில் இந்த நகர்த்தி இல்லை. ஆனால், அதைச் செருகும் மாற்றுறையில் உண்டு. மாற்றுறையின் நகர்த்தி தளர்ந்து தானே கீழிறங்குவதும் நடப்பதே. அட்டையைக் குறை சொல்லுமுன் மாற்றுறையை மாற்றிப் பாருங்கள்.

நகர்த்தி சரியாக இருந்தும் அட்டை மறுத்தால், அதற்கு வயதாகிவிட்டது என்று ஐயுறலாம். நினைவட்டைக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானியப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோக்கா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1980-களில் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. இதில் தகவல், மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணறைகளில் மின்னணுக்களாகச் சிறைப்படுகிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் மின்னணுக்கள் அந்தப் படலத்தைத் துளைத்துச் செல்கின்றன. நாளடைவில் படலம் தேய்ந்து அறைகள் பழுதாகின்றன. அட்டைக்குள் இருக்கும் கட்டுப்படுத்தி, பழுதான அறைகளை ஒதுக்கிவிட்டு உதிரி அறைகளைப் பயன்படுத்தும். உதிரியும் தீர்ந்துபோனால், பல அட்டைகள் தம்மை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் படிக்கலாம், எழுத முடியாது.

இந்தப் பூட்டை அறிய எளிய வழி உண்டு. ஒரு கோப்பை அழித்துவிட்டு, அட்டையைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். அழித்த கோப்பு ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்திருந்தால், அட்டை பூட்டிக்கொண்டது உறுதி. எந்த மென்பொருளாலும் அதைத் திறக்க இயலாது. திறந்து தருவதாகக் கூறிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

அட்டை பூட்டிக்கொள்ளாமல் ஃபார்மட் மட்டும் தடைபட்டால், எஸ்டி சங்கம் இலவசமாக வழங்கும் ஃபார்மட் மென்பொருளைப் பயன்படுத்தலாம். விண்டோஸின் 'டிஸ்க்பார்ட்' கட்டளையும் உதவும். ஆனால், அதில் வட்டின் எண்ணைத் தவறாகக் குறிப்பிட்டால் கணினியில் இணைந்துள்ள வேறொரு வட்டு துடைக்கப்பட்டுவிடக்கூடும். பழக்கமுள்ளவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

இரவுச் சந்தையில் நம்ப முடியாத மலிவு விலைக்கு விற்கப்படும் அட்டைகளில் போலிகளும் கலந்திருக்கும். மேலே 512 ஜிகாபைட் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே 8 ஜிகாபைட்டே இருக்கலாம். அதற்கு மேல் சேமித்தவை சத்தமின்றிக் காணாமற்போகும். அங்கு மீட்பு மென்பொருளாலும் பயனில்லை.

பூட்டிக்கொண்ட அட்டையைக் குப்பையில் எறிவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மால் அழிக்க முடியாதது பிறர் கையில் கிடைத்தாலும் அழியாமலே இருக்கும். எடுப்பவர் அனைத்தையும் கேட்கலாம். ஆகவே, எறிவதென்றால் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு எறிய வேண்டும். பாட்டியின் குரல் இருக்கும் அட்டையை நறுக்க மனம் வராதவர் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும், தேய்ந்த அறைகளிலிருந்து மின்னணுக்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் என்பதால், ஒலிப்பதிவின் நகல்கள் வேறு இரண்டு இடங்களில் இருக்கட்டும்.