கொத்தடிமை அறிக்கை: யார் கொடுக்க வேண்டும்?

ஏற்றுமதியாளர்களுக்குச் சரக்கு கொடுக்கும் வணிகர்களிடம், ‘எங்கள் சரக்கில் கொத்தடிமை உழைப்பு இல்லை’ என்று எழுதி வாங்குவது இப்போது வழக்கமாகி வருகிறது. இது எங்கிருந்து வந்தது என்பதை நம் உறுப்பினர்கள் அறிந்து கொள்வது நல்லது.

பிரிட்டன் 2015-ல் நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தம் கொள்முதலில் இக்கொடுமை நுழையாமலிருக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். நம் நாட்டில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் செபிக்குத் தரும் அறிக்கையில் கட்டாய உழைப்பு பற்றியும் கூற வேண்டும்.

ஆக, சிறு வணிகரை இவை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. பெரிய கம்பெனி தன் அறிக்கைக்காகக் கேட்கும் கேள்விதான் கைமாறி நம்மிடம் வருகிறது.

அறிக்கை தரும் கடமை பெரியவர்களோடு நிற்பதே நியாயம் என்பது நம் கருத்து. விலையையும் கெடுவையும் முடிவு செய்பவர்கள் அவர்களே. அடக்கத்துக்கும் கீழே விலை கேட்டால் அது யார் கூலியில் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு ஆட்களை வைத்திருக்கும் கடைக்காரர் பத்துக் கை தாண்டி விசாரிக்க இயலாது. அதே சமயம், பிரிட்டன் சட்டப்படி ‘நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை’ என்று எழுதினாலே போதும். அது பெரியவர்களுக்குக் காட்டும் வீண் சலுகை.

ஆனால், அறிக்கையிலிருந்து விலக்கு என்றால் சட்டத்திலிருந்தே விலக்கு என்று எண்ணிவிடக் கூடாது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒரே ஓர் ஆள் வைத்திருப்பவருக்கும் உண்டு. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களுக்கு முன்பணம் கொடுப்பது நம் மண்டிகளில் பழைய பழக்கம். கொடுப்பது குற்றமல்ல, ‘கணக்குத் தீராமல் போகக் கூடாது’ என்று ஆளைப் பிடித்து வைப்பதுதான் குற்றம். அப்படிச் சொன்னவர்களில் நாமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

எனவே, முன்பணத்தைச் சிட்டையில் எழுதி, ஆளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். போகிறேன் என்பவரைத் தடுக்காதீர்கள். படிவம் வந்தால், நமக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.