கடல் கடந்து வரும் சாமான்: ஏமாறாமல் வாங்குவது எப்படி?

வீட்டில் இருந்தபடியே அமெரிக்காவில் கடை ஏறலாம். ஜப்பானில் இருந்து கேமரா வாங்கலாம். ஜெர்மனியில் இருந்து பழைய கடிகாரம் வரவழைக்கலாம். கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும்.

ஆனால் ஒன்று.

உள்ளூர்க் கடைக்காரர் சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில் கட்டினால், மறுநாள் காலையில் போய்ச் சண்டை போடலாம். பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் ஏமாற்றினால், யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அது என்ன? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஒரு கேமராவின் கதையைக் கேளுங்கள்.

மாணவர் வாங்கிய கேமரா

2003-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சீனாவில் உள்ள சியான் நகரத்தில் ஒரு கல்லூரி மாணவர். "தாவ்பாவ்" என்ற ஆன்லைன் சந்தையில் பழைய கேமரா ஒன்று விலைக்கு வந்திருப்பதை அவர் பார்த்தார். விலை 750 யுவான். (யுவான் என்பது சீன நாணயம்.)

கேமராவை விற்றவரோ ஜப்பானில், யோகோஹாமா நகரில் இருந்தார்.

இருவரும் முன்பின் பார்த்தவர்கள் அல்ல. "பணத்தை முதலில் அனுப்பு" என்பார் விற்பவர். "சாமானை முதலில் அனுப்பு" என்பார் வாங்குபவர். யார் முதலில் அனுப்புவது?

சந்தைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"பணத்தை எங்களிடம் கொடுங்கள். நாங்கள் வைத்திருக்கிறோம். சாமான் உங்கள் கைக்கு வரட்டும். 'சரியாக இருக்கிறது' என்று நீங்கள் சொன்ன பிறகு, விற்றவருக்குக் கொடுக்கிறோம்" என்றார்கள்.

மாணவர் பணத்தைக் கட்டினார். கட்டிய பிறகு பயம் வந்துவிட்டது! பணத்தைத் திருப்பிக் கேட்டார். சந்தையின் ஊழியர்கள் தைரியம் சொன்னார்கள். வியாபாரம் ஒழுங்காக முடிந்தது.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் "அலிபே". மறு ஆண்டே அது தனிக் கம்பெனி ஆயிற்று. இன்று சீனாவில் கோடிக்கணக்கான மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊரிலும் இது புதிது அல்ல. நிலம் வாங்கும்போது, இரு தரப்புக்கும் வேண்டிய ஒரு பெரியவரிடம் பணத்தைக் கொடுத்து வைப்பது உண்டு. "பத்திரம் முடிந்ததும் கொடுங்கள்" என்று சொல்வார்கள். அதே முறைதான்!

நடுவர் இருக்கிறாரா?

ஆகவே, வெளிநாட்டுச் சந்தையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல. "இங்கே நடுவர் இருக்கிறாரா?" என்பதைத்தான்.

பெரிய சந்தைகளில் இருக்கிறார். அமெரிக்காவின் "ஈபே" சந்தையில் பெரும்பாலான சாமான்களுக்குப் பாதுகாப்பு உண்டு. சாமான் வரவில்லை என்றாலோ, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றாலோ புகார் செய்யலாம். சாமான் வந்து சேர வேண்டிய நாளில் இருந்து 30 நாட்கள் வரை அவகாசம்.

"பேபால்" மூலம் பணம் கட்டினால், புகார் கொடுக்க 180 நாட்கள் வரை அவகாசம் உண்டு. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. "நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் பணம்" என்ற பிரிவில் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மோசடிக்காரன் அந்தப் பிரிவில் அனுப்பும்படிதான் கேட்பான்!

"வெளியே வா" என்பான்!

மோசடிக்காரனுக்கு நடுவரைப் பிடிக்காது. உங்களைச் சந்தைக்கு வெளியே இழுக்கவே அவன் பார்ப்பான்.

"சந்தைக்குக் கமிஷன் கொடுப்பது வீண். நேரே என் பேங்க் கணக்குக்கு அனுப்புங்கள். 10 சதவீதம் குறைத்துத் தருகிறேன்."

"வாட்ஸ்அப்பில் வாருங்கள். பேசி முடிப்போம்."

இப்படி யார் கேட்டாலும், அந்த வியாபாரத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பேரம் பேசுவதும், பணம் கட்டுவதும் சந்தைக்குள்ளேயே நடக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் நடுவருக்கு உங்களைத் தெரியாது. "எங்களிடம் நடக்காத வியாபாரத்துக்கு நாங்கள் பொறுப்பு அல்ல" என்று சொல்லிவிடுவார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

போலி வாசல்

சந்தையே போலியாக இருந்தால்?

அப்படியும் நடக்கிறது. பெரிய கடையின் படம், பெயர், நிறம் எல்லாம் அப்படியே இருக்கும். விலாசத்தில் மட்டும் ஓர் எழுத்து மாறி இருக்கும்.

செல்போனில் வரும் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போகாதீர்கள். கடையின் விலாசத்தை நீங்களே எழுத்து எழுத்தாக அடித்துப் போங்கள்.

இன்னொன்று. 2020 நவம்பரில் இந்திய அரசு 43 செயலிகளைத் தடை செய்தது. சீனாவின் "அலிஎக்ஸ்பிரஸ்" அவற்றில் ஒன்று. "தடை செய்த கடையில் இருந்து பின்வாசல் வழியாக வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்வாசலில் போன பணத்துக்குக் கணக்கும் இராது, நடுவரும் இரார்.

47 சாமான், 20 போலி!

கடை உண்மையானது. ஆனால் சரக்கு?

அமெரிக்க அரசின் தணிக்கை நிலையம் ஒரு சோதனை நடத்தியது. அதன் அறிக்கை 2018 ஜனவரியில் வெளிவந்தது. பிரபலமான ஆன்லைன் சந்தைகளில், வெளி வியாபாரிகளிடம் 47 சாமான்களை வாங்கினார்கள். பிறகு, அவை அசலா என்று சோதிக்கச் செய்தார்கள்.

47-ல் 20 போலி!

நைக்கி காலணி 15 ஜோடி வாங்கினார்கள். எல்லாம் அசல். ஆனால் முகத்துக்குப் பூசும் அழகுப் பொருள் 13 வாங்கினார்கள். பதின்மூன்றும் போலி! பயணத்துக்கு எடுத்துச் செல்லும் குவளை 9 வாங்கினார்கள். அதில் 6 போலி. செல்போன் சார்ஜர் 10-ல் ஒன்று போலி.

இதில் இருந்து என்ன தெரிகிறது? ஒரே சந்தையில் அசலும் இருக்கும், போலியும் இருக்கும். "பெரிய கடையில்தானே வாங்கினேன்" என்று இருந்துவிடக் கூடாது. விற்பவர் யார்? சந்தையே நேரடியாக விற்கிறதா? கம்பெனியே கடை வைத்திருக்கிறதா? அல்லது பெயர் தெரியாத வியாபாரியா? இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முகத்தில் பூசுவது, வாயில் போடுவது, மின்சாரத்தில் மாட்டுவது — இந்த மூன்றையும் பெயர் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. போலிச் சட்டை வாங்கினால் பணம் மட்டுமே போகும். போலிச் சார்ஜர் வாங்கினால் வீடே தீப்பற்றலாம்.

விதைப் பொட்டலம் வந்த மர்மம்

"ஆயிரம் பேர் பாராட்டி எழுதி இருக்கிறார்களே?" என்று கேட்பீர்கள்.

2020 ஜூலையில் அமெரிக்காவில் பல வீடுகளுக்கு ஒரு மர்மப் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே விதைகள்! கேட்டவர் யாரும் இல்லை. பல பார்சல்களில் சீனத் தபால் முத்திரை இருந்தது. "விதைக்காதீர்கள்" என்று அமெரிக்க விவசாய இலாகா எச்சரித்தது.

இது வியாபாரத் தந்திரமாக இருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினார்கள். அந்தத் தந்திரம் இதுதான். வியாபாரி யாரோ ஒருவர் விலாசத்துக்கு மலிவான பொட்டலம் ஒன்றை அனுப்புவான். "சாமான் போய்ச் சேர்ந்தது" என்று பதிவாகும். பிறகு அவர் பெயரில் தன் கடையைத் தானே புகழ்ந்து எழுதிக்கொள்வான்!

இத்தகைய போலிப் பாராட்டுக்கு எதிராக அமெரிக்காவில் 2024 அக்டோபரில் தனி விதியே வந்தது.

ஆகவே, பாராட்டுகளைத் தள்ளிவிட்டுக் குறைகளைப் படியுங்கள். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வாங்கியவர்கள் எடுத்த புகைப்படத்தையும் பாருங்கள்.

நம் வீட்டுக்கு ஒத்து வருமா?

சாமான் அசல். வியாபாரியும் நல்லவர். அப்படியும் பணம் பாழாகலாம்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அந்த ஊருக்கென்று செய்த அரைக்கும் இயந்திரத்தை நம் வீட்டில் மாட்டினால், அரைக்காது, புகையும்! "100 - 240 வோல்ட்" என்று எழுதி இருந்தால் பயம் இல்லை.

செருப்பு, பூட்ஸ் வாங்கும்போதும் கவனம் வேண்டும். அமெரிக்க அளவும் நம் கடைகளில் உள்ள பிரிட்டிஷ் அளவும் வேறு வேறு. காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து, சென்டிமீட்டர் கணக்கில் அளந்து பாருங்கள்.

சுங்கம் காத்திருக்கிறது

கடையில் காட்டும் விலை முழு விலை அல்ல. வெளிநாட்டில் இருந்து வரும் சாமானுக்குச் சுங்க வரி உண்டு. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. சாமானின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் கூலியையும், இன்சூரன்சையும் சேர்த்தே வரி போடுவார்கள். வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். வாங்கும் முன்பு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பரிசு என்று எழுதி அனுப்புகிறேன். வரி வராது" என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். அந்த வழியை மத்திய அரசு 2019 டிசம்பரில் அடைத்துவிட்டது. உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது.

"விலையைக் குறைத்து எழுதுகிறேன்" என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது குற்றம். பார்சல் வழியில் தொலைந்தால், எழுதிய குறைந்த விலைதான் நஷ்ட ஈடாகக் கிடைக்கும்.

சில சாமான்கள் வரவே கூடாது. மின் சிகரெட்டை 2019-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. குழந்தை ஆசையாகக் கேட்கிறதே என்று டிரோன் வரவழைத்தால், அது சுங்க இலாகாவின் அலமாரிக்குத்தான் போகும்!

"சுங்க அதிகாரி பேசுகிறேன்"

பார்சலுக்காகக் காத்திருக்கும்போது செல்போன் மணி அடிக்கும்.

"சுங்க அதிகாரி பேசுகிறேன். உங்கள் பார்சலில் போதை மருந்து இருக்கிறது. உடனே பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் கைது!"

பயந்துவிடாதீர்கள். உண்மையான அதிகாரி தன் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். சுங்க இலாகாவின் கடிதங்களுக்கு அடையாள எண் போடும் முறை 2019-ல் வந்தது. இலாகாவின் இணைய தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் எதுவுமே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி மக்களை எச்சரித்தார்.

கூரியர் கம்பெனிகள் வரிப் பணமும், அடையாளச் சான்றும் உண்மையாகவே கேட்பது உண்டு. அப்படியானால் எது உண்மை, எது பொய்? எஸ்.எம்.எஸ்.சில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். நீங்களே கூரியர் கம்பெனியின் தளத்துக்குப் போய், பார்சல் எண்ணை அடித்துப் பாருங்கள். வரி பாக்கி இருந்தால் அங்கே தெரியும்.

கார்டுக்குப் பூட்டு

வெளிநாட்டுக் கடைகளில் ஓ.டி.பி. கேட்காமலே கார்டில் இருந்து பணம் எடுத்தவை உண்டு. அதனால் கார்டைத் திறந்து வைக்காதீர்கள்.

கார்டின் வெளிநாட்டு வசதியை நாமே திறக்கவும், மூடவும் ரிசர்வ் வங்கி 2020-ல் வழி செய்தது. எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்றும் வரம்பு கட்டலாம். வாங்கும் நேரத்தில் திறங்கள். வாங்கியதும் மூடுங்கள். சேமிப்புப் பணம் முழுவதும் உள்ள கணக்கின் கார்டை வெளிநாட்டுக் கடையில் காட்டாதீர்கள்.

பெட்டி வந்ததும்

பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் படம் பிடியுங்கள். மேலே ஒட்டிய சீட்டு முதல் உள்ளே இருக்கும் சாமான் வரை, இடைவெளி இல்லாமல் பிடிக்க வேண்டும். புகார் கொடுத்தால் அதுதான் சாட்சி.

"இன்னும் 10 நாள் பொறுங்கள். அனுப்பிவிடுகிறேன்" என்று விற்றவர் கெஞ்சுவார். அப்படியே நாளைக் கடத்தி, புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிடும்! நல்லவராகவே இருந்தாலும் கெடு முடியும் முன்பு புகாரைப் பதிவு செய்யுங்கள். சாமான் வந்துவிட்டால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

மறைக்காதீர்கள்

ஏமாந்து போனவர்கள் பலர் வீட்டில் சொல்வது இல்லை. மனைவிக்குத் தெரியாமல் கணவரும், மகனுக்குத் தெரியாமல் அம்மாவும் மறைக்கிறார்கள். போன பணத்தை மீட்க, இரண்டாவது மோசடிக்காரனிடம் போய் விழுகிறவர்களும் உண்டு.

மறைப்பதால் நேரம்தான் போகிறது. பணம் மோசடிக்காரனின் கணக்கில் இருந்து வெளியேறும் முன்பு சொன்னால், அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. உடனே உங்கள் பேங்குக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றப் புகாருக்கு அரசு வைத்திருக்கும் எண். சாமான் பற்றிய தகராறு என்றால், நுகர்வோர் உதவிக்கு 1915.

வீட்டில் ஒருவர் வெளிநாட்டுச் சாமான் வாங்கும்போது, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவசரத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாதது, மற்றொரு கண்ணுக்குத் தெரியும்.