தூசியில் கோள்களைத் தேடும் வானியல்: 30 மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவின் பங்கு என்னவாகும்?

புது தில்லி: தொலைதூர விண்மீன்களைச் சுற்றி மிதக்கும் தூசிக்கும் மத்திய அமைச்சரவையின் கோப்புகளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே பதில். 30 மீட்டர் தொலைநோக்கி எனப்படும் சர்வதேசத் திட்டத்தில் இந்தியா பங்கேற்க, 2014 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.1,299.8 கோடிக்கு ஒப்புதல் வழங்கியது. பிற விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் விதத்தை அறிவது அத்திட்டத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அதற்கான தடயங்களை வானியலாளர்கள் தேடுவது பெரும்பாலும் தூசியில்தான்.

எதிர்பாராத கண்டுபிடிப்பு: அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் 1983-ல் கூட்டாகச் செலுத்திய ‘ஐராஸ்’ செயற்கைக்கோள், அகச்சிவப்புக் கதிர்களில் வானத்தை ஆராய்ந்தது. அதன் கருவிகளைச் சரிபார்க்க, நம் நாட்டில் அபிஜித் என்று வழங்கப்படும் வேகா விண்மீன் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. சுமார் 25 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த விண்மீனிலிருந்து, கணக்கிட்டதைவிட மிக அதிகமான அகச்சிவப்புக் கதிர்கள் வந்தன. காரணம் கருவிக் கோளாறு அல்ல. வேகாவைச் சூழ்ந்திருந்த குளிர்ந்த தூசி, விண்மீனின் ஒளியை உள்வாங்கி வெப்பக் கதிராக வெளியிட்டுக் கொண்டிருந்தது.

இத்தூசி நிலைத்திருப்பதில்லை. மிக நுண்ணிய துகள்களை விண்மீனின் ஒளியழுத்தம் வெளியே தள்ளிவிடும். சற்றுப் பெரியவை மெல்லச் சுழன்று விண்மீனை நோக்கிச் செல்லும். ஆயினும் கோடிக்கணக்கான ஆண்டு வயதுடைய விண்மீன்களைச் சுற்றித் தூசி காணப்படுகிறது என்றால், அங்கே குறுங்கோள்களும் வால்மீன்களும் ஓயாது மோதி, புதிய தூசியை உண்டாக்குகின்றன என்று பொருள். இதனாலேயே இவை சிதைவு வட்டுகள் எனப்படுகின்றன. சூரியக் குடும்பத்திலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலும், நெப்டியூனுக்கு அப்பாலும் இத்தகைய பட்டைகள் உள்ளன.

ஆராயும் வழிகள்: எதிரே வரும் வாகனத்தின் விளக்கைக் கையால் மறைத்துச் சாலையைப் பார்ப்பதுபோல, விண்மீனின் ஒளியைத் தடுத்து அருகிலுள்ள தூசியைக் காண்பது ஒரு முறை. 1984-ல் பிராட்ஃபோர்ட் ஸ்மித், ரிச்சர்ட் டெரில் ஆகியோர் சிலியிலிருந்து பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் வட்டை இவ்வாறே படம்பிடித்தனர். அந்த வட்டில் பின்னர் காணப்பட்ட வளைவு, கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்றின் ஈர்ப்பைச் சுட்டியது. 2008-ல் அக்கோளின் படமே வெளியானது.

தூசியின் வெப்பக் கதிரை நேரடியாகப் பதிவு செய்வது மற்றொரு முறை. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களைக் கொண்ட ‘அல்மா’ நிலையம் இப்பணியைச் செய்கிறது. ஃபோமல்ஹாட் விண்மீனைச் சுற்றி மூன்று தூசிப் பட்டைகள் இருப்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-ல் காட்டியது.

அவசர முடிவு: அதே ஃபோமல்ஹாட் ஓர் எச்சரிக்கையும் தந்துள்ளது. அங்கே ஒரு கோள் இருப்பதாக, ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு 2008-ல் அறிவிக்கப்பட்டது. 2015-ல் அதற்கு ‘டாகன்’ எனப் பெயரும் சூட்டப்பட்டது. ஆனால், அது மங்கி மறைந்துபோனது. இரு பொருள்கள் மோதியதில் எழுந்து பரவிய தூசி மேகமாகவே அது இருக்க வேண்டும் என 2020-ல் வெளியான ஆய்வு விளக்கியது. அங்கே இரண்டாவது மோதலின் அடையாளமும் தென்பட்டதாக 2025-ல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஒரே விண்மீனை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கண்காணித்திராவிட்டால் இந்தப் பிழை திருத்தப்பட்டிருக்காது.

இழுபறியில் திட்டம்: எனவே, தொலைநோக்கியில் உரிமையுள்ள பங்கு நாடுகளுக்கு முக்கியமாகிறது. 10 மீட்டர் தொலைநோக்கியைவிட மூன்று மடங்கு நுணுக்கமாகப் பார்க்கவல்லது 30 மீட்டர் தொலைநோக்கி. இந்தியாவின் பங்களிப்பில் சுமார் 70 சதவீதம் பணமாக அன்றி, கண்ணாடிப் பகுதிகள், உணர்கருவிகள், மென்பொருள் போன்றவையாக வழங்கப்பட வேண்டும்.

ஆனால், தேர்வு செய்யப்பட்ட ஹவாய் தீவின் மௌனா கியா மலை, பூர்வகுடி மக்களுக்குப் புனிதமானது. 2015-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் கட்டுமான அனுமதியை ரத்து செய்தது. மீண்டும் வழங்கப்பட்ட அனுமதியை 2018-ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. மறு ஆண்டே போராட்டக்காரர்கள் மலைப்பாதையை மறித்தனர். 2025-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை தனது நிதிக் கோரிக்கையில் இத்திட்டத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. தனது லா பால்மா தீவில் அமைத்தால் 40 கோடி யூரோ வரை தருவதாக ஸ்பெயின் முன்வந்தது. 2014-23 காலத்துக்கென இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பணி, அக்காலம் முடிந்தபோதும் கட்டுமானத்தை எட்டவில்லை.

லடாக்கின் சாதகம்: அகச்சிவப்பு ஆய்வுக்குப் பெரும் தடை காற்றிலுள்ள நீராவி. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட வானிலை கொண்ட லடாக்கின் ஹன்லேயில் அத்தடை குறைவு. அங்குள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி, பெங்களூரு அருகேயுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியே இயக்கப்படுகிறது. அப்பகுதியின் இருளைக் காக்க 2022-ல் இருண்ட வானக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. 13.7 மீட்டர் தேசியத் தொலைநோக்கியை ஹன்லேயில் அமைக்கும் யோசனையை இந்திய வானியலாளர்கள் முன்வைத்துள்ளனர்.

வெளிநாட்டுத் திட்டத்தில் இந்தியாவுக்குரிய கண்காணிப்பு நேரம் எப்போது கிடைக்கும்? இதுவரை செலவான தொகையால் விளைந்த பயன் என்ன? சொந்த மண்ணில் செய்ய வேண்டிய முதலீடு எவ்வளவு? இவை வானியலாளர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. வரிப்பணத்தின் கணக்கைக் கேட்கும் நாடாளுமன்றமும் எழுப்ப வேண்டியவை.