குண்டு செய்த கைகள், பந்து உதைத்த கால்கள்



மாலை ஐந்து மணிக்கு மேல் தோட்டத்துத் திடலைப் பார்த்திருப்பீர்கள். பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். பந்து வெளியே உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. எங்கள் பள்ளிச் சிறுமி ஒருத்தி மட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை, உதைத்துக் கொடுப்பாள். அந்தப் பந்து யாருக்குப் போக வேண்டுமோ அவன் காலடியில் போய் நிற்கும்!

சென்ற ஆண்டு மாவட்டப் பள்ளிகளின் போட்டிக்குப் பெண்கள் குழு ஒன்றை அனுப்பலாம் என்று பட்டியல் எழுதினேன். முதல் பெயர் அவளுடையதுதான். மறுநாள் விடியற்காலை, செம்பனைக் காட்டுக்குப் போகிற வழியில் அவள் தாயார் பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"பொம்பளப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு சார்? நாலு பேரு சிரிப்பாங்க. பேரை எடுத்துடுங்க."

எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொன்னேன். அவர் மனம் ஒப்பவில்லை. பெயரை அடித்துவிட்டேன். சொல்ல வேண்டிய பதில், அவர் போய் வெகு நேரம் கழித்துத்தான் என் நினைவுக்கு வந்தது. அந்தப் பதில் ஒரு கதை. அதுவும் நடந்த கதை. நம்மைப் போலவே கூலிக்கு உழைத்த பெண்களின் கதை. அந்தத் தாயாருக்காகவும் அவரைப் போன்ற பெற்றோருக்காகவும் அதை இங்கே சொல்கிறேன்.

பஞ்சாலைப் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலை

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் மாவட்டத்தில் பிரஸ்டன் என்றொரு பட்டணம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். காற்பந்து என்றால் அந்த ஊர் மக்களுக்கு உயிர். இங்கிலாந்தில் லீக் போட்டி தொடங்கிய முதல் பருவத்திலேயே, 1889ஆம் ஆண்டில், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடியது பிரஸ்டன் நார்த் எண்ட் குழுதான்.

அவ்வூரில் டிக் கெர் என்னும் நிறுவனம் டிராம் வண்டிகளும் இரயில் சாமான்களும் செய்துவந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் நிலைமை மாறியது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலையில் பீரங்கிக் குண்டுகள் செய்யத் தொடங்கினார்கள். காலியான இடங்களுக்குப் பெண்கள் வந்தார்கள்.

குண்டு செய்வது மென்மையான வேலையா? இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கனத்த இரும்பைத் தூக்கி இறக்க வேண்டும். வேறு தொழிற்சாலைகளில் வெடிமருந்து நிரப்பிய பெண்களுக்கு உடம்பின் தோலே மஞ்சளாகிப் போயிற்று. அப்போதெல்லாம், "இது பெண்களின் உடலுக்கு ஏற்றதல்ல" என்று சொல்லி வேலையை நிறுத்தியவர் யாருமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சன்னல்தான் கோல் கம்பம்

உணவு வேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பையன்கள் பந்து உதைப்பார்கள். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உடை மாற்றும் அறையின் சிறிய சதுரச் சன்னல்கள்தாம் இலக்கு. பையன்கள் வென்றால் பெண்கள் ஒரு பெட்டி சிகரெட் வாங்கித் தர வேண்டும். பெண்கள் வென்றால் பையன்கள் ஒரு சாக்லேட் கட்டி வாங்கித் தர வேண்டும். அங்கே வேலை செய்த அலிஸ் நோரிஸ் என்பவர் பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1917ஆம் ஆண்டு அக்டோபரில், தோற்றுக்கொண்டே வந்த ஆண்கள் குழுவைப் பெண்கள் கேலி செய்ய, பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. பெண்களுக்குத் தலைமை தாங்கியவர் கிரேஸ் சிபர்ட். அவருடைய கணவர் அப்போது எதிரிகளிடம் போர்க்கைதியாக இருந்தார். இதைக் கண்ட அலுவலக ஊழியர் ஆல்பிரட் ஃபிராங்க்லண்ட், "காயம்பட்ட படைவீரர்களுக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடத்தினால் என்ன?" என்று யோசித்து, குழுவின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்.

1917 கிறிஸ்துமஸ் நாள். பிரஸ்டன் நார்த் எண்டின் டீப்டேல் திடல். எதிரே கூல்தார்ட் என்னும் இன்னொரு தொழிற்சாலையின் பெண்கள் குழு. வேடிக்கை பார்க்கத்தான் பலரும் வந்திருப்பார்கள். வந்தவர்கள் பத்தாயிரம் பேர்! டிக் கெர் மகளிர் 4-0 என்ற கணக்கில் வென்றார்கள். சிரிக்க வந்தவர்கள் ஆட்டத்தைக் கண்டு கைதட்டிவிட்டுப் போனார்கள்.

இரவைப் பகலாக்கிய ஆட்டம்

கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை. கூந்தலை அடக்க அதே கோடு போட்ட தொப்பி. இதுதான் அவர்களின் சீருடை. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, விடுமுறையில் ஆட்டம். போர் 1918இல் முடிந்த பிறகும் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. 1920 ஏப்ரலில் பிரான்சு நாட்டு மகளிர் குழு வந்தபோது டீப்டேலில் 25,000 பேர் திரண்டார்கள். பிரஸ்டன் பெண்களும் அதே ஆண்டில் பிரான்சுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 16இல் நடந்ததைக் கேளுங்கள். வேலையிழந்து தவித்த முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்ட இரவு ஆட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். திடலில் விளக்கு ஏது? போர் அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் அனுமதியுடன், போரில் வானத்தைத் துழாவப் பயன்பட்ட பெரிய ஒளிவிளக்குகள் இரண்டை இரவல் வாங்கினார்கள். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அதற்கு வெள்ளை பூசினார்கள். சாயம் போகப் போக மறுபடியும் பூசினார்கள். பன்னிரண்டாயிரம் பேர் குளிரில் நின்று பார்த்தார்கள்.

பத்தே நாளில் அதைவிடப் பெரிய செய்தி. டிசம்பர் 26, லிவர்ப்பூலில் எவர்ட்டன் குழுவின் குடிசன் பார்க் திடல். எதிரே செயின்ட் ஹெலன்ஸ் மகளிர். உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். டிக் கெர் குழுவின் பெயர்பெற்ற கோல் வேட்டைக்காரி ஃபுளோரி ரெட்ஃபர்ட் அன்று இரயிலைத் தவறவிட்டுவிட்டார்! ஆயினும் ஜென்னி ஹேரிஸ் முதல் கோலைப் போட்டார். தற்காப்பில் ஆடும் குழுத் தலைவி அலிஸ் கெல், பிற்பாதியில் தாமே முன்னணிக்கு வந்து மூன்று கோல் போட்டார். 4-0. ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் வேலையற்றோருக்கும் அந்த ஒரு நாளில் திரண்ட தொகை 3,115 பவுண்டு.

மகளிர் மன்றங்களின் ஆட்டம் ஒன்றுக்கு அத்தனை பேர் கூடிய அந்தச் சாதனையை 2019ஆம் ஆண்டு வரை உலகில் யாரும் முறியடிக்கவில்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள்!

கதவடைப்பு

1921ஆம் ஆண்டில் மட்டும் டிக் கெர் மகளிர் 67 ஆட்டங்கள் ஆடினார்கள். அதே ஆண்டில்தான் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்க, ஏற்க மறுத்த தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். பட்டினி கிடந்த அக்குடும்பங்களுக்காகவும் பல ஊர்களில் பெண்கள் குழுக்கள் ஆடிப் பணம் திரட்டித் தந்தன. படைவீரருக்குத் திரட்டியவரை பாராட்டிய சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். ஆண்களின் ஆட்டத்துக்கு வர வேண்டிய கூட்டம் பெண்கள் பக்கம் போகிறதே என்ற எரிச்சலும் இருந்தது.

1921 டிசம்பர் 5. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. காற்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டல்ல. திரட்டும் பணத்தில் செலவுக்கே அதிகம் போகிறது. ஆகவே சங்கத்தைச் சேர்ந்த மன்றங்கள் எவையும் தங்கள் திடலைப் பெண்களுக்குத் தரக்கூடாது. உடம்புக்குக் கெடுதி என்று மருத்துவர் சிலரும் ஒத்து ஊதினார்கள்.

பீரங்கிக் குண்டு செய்தபோது கெடாத உடம்பு, பந்தை உதைத்தால் கெட்டுவிடுமா?

செலவு என்றார்களே, அது என்ன தெரியுமா? ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்குப் பத்து ஷில்லிங். வாரக்கூலியில் பிழைக்கிற பெண் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய் ஆடினால் அந்த நாள் கூலி போய்விடுகிறது. அதற்கு ஈடு கொடுப்பதில் என்ன தவறு என்றுதான் அலிஸ் கெல் கேட்டார். ஒரு நாள் பேர் போட முடியாமற்போனால் வீட்டில் என்ன ஆகும் என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓயாத கால்கள்

பெரிய திடல்கள் மூடிக்கொண்டன. பல ஊர்களில் குழுக்கள் கலைந்தன. பிரஸ்டன் பெண்கள் கலையவில்லை. பூங்காவின் புல்வெளி, வேறு விளையாட்டுகளின் மைதானம் என்று கிடைத்த இடத்தில் ஆடினார்கள். 1922இல் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். கனடாவில் ஆட அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, ஆண்கள் குழுக்களோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடிச் சளைக்காமல் திரும்பினார்கள். பிற்காலத்தில் தொழிற்சாலையின் ஆதரவும் போய், பிரஸ்டன் மகளிர் என்று பெயர் மாறியது. அப்போதும் நிற்கவில்லை. 1965இல் ஆட ஆள் சேராமல் கலையும் வரையில், எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். தோற்றவை முப்பதுக்கும் குறைவு!

அவர்களுள் லில்லி பார் என்பவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1905இல் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகளோடு தெருவில் பந்து உதைத்துப் பழகியவர். பதினைந்து வயதிலேயே டிக் கெர் குழுவுக்கு வந்துவிட்டார். இடது ஓரத்திலிருந்து அவர் உதைக்கும் பந்தின் வேகத்தைப் பற்றி இன்றும் கதைகதையாகச் சொல்வார்கள். 1951 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். அவர் போட்ட கோல்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டும் என்று கணக்கிடுகிறார்கள். வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்தார்? மனநோய் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தார்.

சங்கத்தின் தடை 1971இல்தான் முற்றாக நீங்கியது. ஐம்பது ஆண்டுகள்! அதற்குள் ஆடியவர்கள் கிழவிகளாகிவிட்டார்கள். பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லில்லி பார் 1978இல் காலமானார். இங்கிலாந்தின் தேசியக் காற்பந்து அரும்பொருளகம் புகழாளர் வரிசையில் முதல் பெண்ணாக அவரைச் சேர்த்தது 2002இல். மான்செஸ்டரில் அவருக்குச் சிலை வைத்தது 2019இல். இருந்தபோது கொடுக்காத மாலையை இறந்த பின் போட்டார்கள்.

அந்த மாலையாவது எப்படி வந்தது? பிரஸ்டனைச் சேர்ந்த கெயில் நியூஷம் என்னும் பெண்மணி, எஞ்சியிருந்த பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டெழுதி, 1994இல் நூலாக வெளியிட்டார். ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் பெயர்கள் பிழைத்தன. எழுதாமல் விட்டிருந்தால்?

நம் வீட்டுக்கு வருவோம்

வாசகர்களே, தோட்டத்துக் குழு ஒன்று எக்காலத்திலோ கோப்பை வாங்கியபோது எடுத்த புகைப்படம் உங்கள் மண்டபச் சுவரிலும் இருக்கலாம். அதில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றே கேளுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்க ஆள் இருக்காது.

இனி, அந்தத் தாயாருக்கு.

அம்மா, இந்த இதழை நீங்கள் வாங்குவது எனக்குத் தெரியும். நாலு பேர் சிரிப்பார்கள் என்றீர்கள். பிரஸ்டனிலும் சிரிக்கத்தான் வந்தார்கள். மூன்றே ஆண்டில் ஐம்பத்து மூவாயிரம் பேர் காசு கொடுத்து வந்து கைதட்டினார்கள். முதுகு வலிக்க வலிக்க நீங்கள் உதிரிப்பழம் பொறுக்கும்போது, இது பெண்ணுக்கு ஆகாது என்று ஒருவரும் வந்து தடுக்கவில்லை. உங்கள் மகள் சிரித்துக்கொண்டு ஓடுவதற்கு மட்டும் ஏன் தடை? அந்தப் பெண்களுக்குக் கதவை அடைத்தது ஒரு பெரிய சங்கம். நம் பிள்ளைக்கு நாமே அடைக்கலாமா?

இவ்வாண்டுப் பட்டியல் என் மேசைமேல் இருக்கிறது. முதல் வரியை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன். காட்டுக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் வந்து போங்கள்.