ஓட்டப் போட்டியில் ரேடியோ எதற்கு?

கையில் கைத்தொலைபேசி இருக்கே, ரேடியோ எதற்குனு கேட்கிறீங்களா?

7ஆவது கிலோமீட்டரில் ஒருவர் மயங்கி விழுகிறார். தொலைபேசியில் சொன்னால் ஒருவருக்குத்தான் கேட்கும். ரேடியோவில் ஒருமுறை சொன்னால் போதும். கட்டுப்பாட்டு நிலையம், முதலுதவிக் குழு என எல்லாருக்கும் கேட்கும்.

2013 பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தபோது கைத்தொலைபேசிச் சேவை திணறியது. அங்கிருந்த அமெச்சூர் ரேடியோ தொண்டூழியர்கள் கைகொடுத்தார்கள்.

என்ன சொல்லணும்?
ஓட்டக்காரரின் எண், இடம், நிலைமை. பெயர் வேண்டாம். வெளியாட்களும் கேட்கலாம்.

எப்படிச் சேருவது?
சிங்கப்பூரில் தேர்வு எழுதி, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் பெறணும். சம்பளம் கிடையாது.

மற்ற நேரத்தில்?
பேசாமல் கேட்டுக்கிட்டே இருங்க. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள் அரட்டை அடித்தால், உதவி கேட்பவரின் குரல் யாருக்கும் எட்டாது.