கால் வீக்கத்துக்கு வல்லாரை: எதுவரை நம்பலாம்?

கஹவத்தைத் தோட்டங்களில் காலையில் மலைக்குப் போகிற பெண்கள், பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை காலில்தான் நிற்கிறார்கள். லயத்துக்கு வரும்போது சிலருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். நெடுநேரம் நின்றால் கால் நாளங்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் கூடுகிறது. அப்போது மயிர்த்துளைக் குழாய்களின் மெல்லிய சுவர் வழியே நீர் கசிந்து சதையில் தங்குகிறது.

இதற்கு வல்லாரை நல்லது என்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அதிலுள்ள ஏசியாட்டிகோசைட் போன்ற சேர்மங்கள், குழாய்ச் சுவரைத் தாங்கும் கொலாஜன் உருவாகத் துணைபுரிகின்றன. 1987இல் வெளியான ஆய்வொன்றில், நாளக் கோளாறுள்ள 94 பேரில் ஒரு பகுதியினருக்கு வல்லாரைச் சாற்று மாத்திரையும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் இரண்டு மாதம் கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களுக்குக் கால் கனமும் வீக்கமும் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் இத்தகைய எட்டு ஆய்வுகளை 2013இல் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் தெரிந்தாலும் ஆய்வுகளின் தரம் போதாது என்றார்கள். அதுவும் அளவு பார்த்துப் பிரித்தெடுத்த சாற்றுக்குத்தான். வல்லாரைச் சம்பலுக்கு அந்த முடிவு பொருந்தாது. சம்பலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். களைநாசினி அடித்த கானோரத்தில் மட்டும் பறிக்காதீர்கள்.

மாத்திரை விஷயம் வேறு. வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்கு மஞ்சட்காமாலை வந்ததாக 2005இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. நிறுத்திச் சிகிச்சை பெற்ற பிறகே தேறினார்கள். ஈரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பெரிய ஆபத்து இன்னொன்று. சீனி வருத்தம் கண், சிறுநீரகம் இரண்டிலும் நுண்குழாய்களைத்தான் கெடுக்கிறது. வல்லாரை மாத்திரை "குழாயைச் சுத்தம் செய்யும்" என்ற விளம்பரத்தை நம்பி கிளினிக் மருந்தை நிறுத்தினால் பார்வை போகலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். மூச்சும் முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நாட்டு மருந்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிதான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

இத்தகைய மாத்திரைகளை வாங்குபவருக்கு உரிமையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, ஏமாற்றும் விற்பனை குற்றம்; கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும். பெட்டியையும் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1977க்கு அழைத்து முறையிடுங்கள்.