தங்கம் தியேட்டர்: ஒரு கட்டடத்தின் சமூக வரலாறு

தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலில் மதுரை செல்வது, 1964 டிசம்பர்ப் புயல்வரை மன்னார்க் கரையோரத்தாருக்கு வாய்த்திருந்த வழி. புயலில் தனுஷ்கோடி அழிந்தது. மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் நின்ற தங்கம் தியேட்டரும் இன்றில்லை.

1952 தீபாவளியன்று ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்ட அவ்வரங்கில் 2,563 இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே பெரியது என்னும் பெருமையே இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அத்தனை இருக்கைகள் ஏன் தேவைப்பட்டன என்பதே நமது வினா. மதுரை ஆலைத் தொழிலாளரின் நகரம். சிறுதொகை செலுத்தக்கூடிய பெருந்திரள் இன்றி இத்தகைய முதலீடு சாத்தியமன்று. 1939 யூலைவரை மீனாட்சியம்மன் கோயிலுள் புகமுடியாதிருந்த சாதியினரும் திரையரங்கில் பிறரோடு ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். தமிழரின் கலைநிகழ்விடங்களுள் திரையரங்கின் இத்தனித்தன்மையைக் கா. சிவத்தம்பி 1981இல் எடுத்துக்காட்டினார். சாதி அங்கு ஒழிந்துவிடவில்லை; ஆயினும் இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கட்டணம். முதலாளித்துவம் தன் இலாபத்துக்காகச் செய்த இச்சிறு சனநாயகத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

1980களில் தொலைக்காட்சியும் வீடியோவும் அத்திரளை வீடுகளுக்குள் பிரித்தன. நகர மையத்து நிலமோ நுழைவுச்சீட்டு ஈட்டும் வருமானத்தை விஞ்சிய விலை பெற்றது. 1990களில் காட்சிகள் நின்றன. பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது; அவ்விடத்தில் பெருந்துணிக்கடையொன்று எழுந்தது.